வேளை தவறிய மருந்து

முதியோர் இல்லம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவருள் பலர் முகம் சுளிக்கின்றனர். பெற்றோரை அங்கே விடுவது தகுமா, தகாதா என்னும் வாதம் மிம்பரிலும் நடக்கின்றது; மணவீட்டுப் பந்தியிலும் நடக்கின்றது. அந்த வாதத்தில் நாம் இப்போது இறங்கப் போவதில்லை. வாதம் ஒருபுறம் நடந்து கொண்டிருக்க, மறுபுறம் சேர்ப்பவர்கள் சேர்த்துக் கொண்டுதான் இருக்கின்றனர். இல்லாமை காரணமாகச் சேர்ப்பவரும் உண்டு. வசதி மிகுந்து சேர்ப்பவரும் உண்டு. வேறு வழியே தோன்றாமல் கண்ணீரோடு சேர்ப்பவரும் உண்டு. இவர்கள் அனைவரிடமும் நாம் கேட்க விரும்பும் கேள்வி மிகச் சிறியது. சேர்த்த அன்று இரவு அந்தப் பெரியவர் உட்கொள்ள வேண்டிய மாத்திரை எங்கே இருந்தது? அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்லத் தெரிந்த மக்களை நாம் மிகச் சிலராகவே கண்டிருக்கின்றோம். இல்லத்தின் மாதக் கட்டணம் தெரிகின்றது. கட்டில் சன்னலோரமா, சுவரோரமா என்பது தெரிகின்றது. இறைச்சி ஹலால்தானா என்று விசாரித்திருக்கின்றனர். தொழுவதற்கு இடம் உண்டா என்றும் கேட்டிருக்கின்றனர். கேட்க வேண்டியவைதாம். ஆனால் மருந்தைப் பற்றிக் கேட்டால், "எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டோம், அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்" என்னும் ஒரே விடைதான் வருகின்றது. அவர்கள் பார்த்துக் கொள்கின்றார்களா என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

மேல்நாடுகளில் 'நர்சிங் ஹோம்' என்றால் முதியவர்கள் தங்கிப் பராமரிக்கப்படும் இடம் என்று பொருள். நம் ஊர்களிலோ நாலு கட்டில் போட்ட தனியார் மருத்துவமனையைத்தான் அப்பெயரால் அழைக்கின்றோம். ஆகவே குழப்பம் நேராதிருக்க, முதியோர் இல்லம் என்றே எழுதுகின்றோம்.

காங்கேயத்தை எடுத்துக் கொள்வோம். காளைக்கும் அரிசி ஆலைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர் பெற்ற ஊர் இது. ஈரோடு மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம், 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னரே எம் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்வு திருப்பூரோடு கலந்து விட்டது. விடியற்காலையில் கம்பெனி வேன் வருகின்றது. மகன் கட்டிங்கில் நிற்கின்றான். மருமகள் ஓவர்லாக்கில் அமர்கின்றாள். ஏற்றுமதி ஆர்டர் முடியும் வாரங்களில் ஒன்றரை சிப்டு, இரண்டு சிப்டு என்று இரவு நெடுநேரம் போகின்றது. வீட்டில் தனித்திருக்கும் அத்தாவுக்குக் கஞ்சி ஊற்றவும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லவும் ஆளில்லை. முன்பு அண்டை வீட்டார் இருந்தனர். இப்போது அண்டை வீட்டாரும் அதே வேனில்தான் ஏறுகின்றனர். எவர் மீதும் பழி சுமத்தாமல் நோக்கினால், இல்லம் என்பது இந்தப் பகுதியில் ஏன் முளைத்தது என்று விளங்கும்.

அவ்வாறு சேர்க்கின்றவர்கள் எந்தக் கிழமையில் சேர்க்கின்றனர்? ஞாயிற்றுக்கிழமையில். சனிக்கிழமை கூலி கைக்கு வரும். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. மகன், மகள், மருமகன் எல்லாரும் கூடி வாடகைக் கார் பேசிக்கொண்டு வருவதற்கு வேறு நாளில்லை. அந்த நாளில்தான் அவர் வழக்கமாகக் காட்டிவந்த மருத்துவரின் கதவு மூடியிருக்கும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் வார நாள்களைப் போல் நடக்காது. மருந்துக்கடைகளில் பாதி அடைத்திருக்கும். இல்லத்துக்கு வந்து பார்க்கும் மருத்துவரோ வாரம் ஒருமுறை, குறித்த ஒரு கிழமையில் வருபவர். கேட்டுத் தெளிய வேண்டிய எல்லா வாயிலும் அடைபட்டிருக்கும் ஒரு நாளைத் தேர்ந்து, எதையும் கேளாமல் ஒரு நோயாளியைக் கைமாற்றுகின்றோம்.

நமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் நிலையைச் சொல்கின்றோம். பெயரும் ஊரும் வேண்டா. அந்த இல்லத்தின் பெயரும் வேண்டா. நெடுங்காலம் பனியன் கம்பெனியில் அயர்ன் பெட்டி பிடித்தவர். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய். அதற்கென்று லெவோடோபா என்னும் மருந்து அடங்கிய மாத்திரையை நாளொன்றுக்கு நான்கு வேளை உட்கொண்டு வந்தார். கடிகாரம் பார்த்தன்று, தொழுகை வக்துகளைக் கணக்கிட்டு. சுபுஹுக்குப் பின் ஒன்று, லுஹருக்குப் பின் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, இஷாவுக்குப் பின் ஒன்று. மனைவி மௌத்தாகும் வரை அவர் கையில் அதை எண்ணி வைத்தவர் அந்த அம்மையார்தாம். ஒரு ஞாயிறன்று லுஹருக்குப் பின் காரில் ஏற்றினர். அஸர் வேளை மாத்திரை வழியில் போயிற்று, யாரும் நினைக்கவில்லை. இல்லத்து மேலாளர் மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்தார். கத்தரித்த அட்டைத் துண்டுகள். மருந்தின் பெயர் அச்சிட்ட முனை பலவற்றில் இல்லை. சீட்டு எங்கே என்றார், சீட்டு வீட்டில். "எங்கள் டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், அவர் பார்த்து எழுதிய பிறகே எதையும் கொடுப்போம்" என்று சொல்லிப் பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். திங்களன்று மாலைக்குள் அந்தப் பெரியவரால் படுக்கையில் புரள இயலவில்லை. செவ்வாயன்று கஞ்சி தொண்டையில் நின்றது. மருத்துவர் வந்தது செவ்வாய் இரவு. அவர் எழுதித் தந்த மாத்திரை, அந்த அளவில், அருகிலிருந்த கடையில் இல்லை. புதன்கிழமை லுஹர் வேளைக்குத்தான் அது அவர் வாய்க்குச் சென்றது.

வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்: பதினொரு வேளை. அலமாரியில் பூட்டியிருந்த பையில் அந்தப் பதினொரு மாத்திரையும் இருந்தன. உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சளி கட்டி, பிறகு அவர் மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அதுவரை சுவரைப் பிடித்தாவது நின்று தொழுதவர், அதற்குப் பின் நிற்கவில்லை.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "இரண்டு நாள் மாத்திரை போடாவிட்டால் என்ன வந்துவிடும்? எங்கள் பாட்டனார் மாத்திரையே இல்லாமல் தொண்ணூறு வயது இருந்தார்" என்றார். இப்படிப் பேசுவோர் நம் குடும்பங்களில் நிறைய இருக்கின்றனர் ஆதலின் இதற்கு விடை சொல்வது கடமையாகின்றது. மாத்திரையின்றித் தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டனாரை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அறுபதில் பக்கவாதத்தால் வீழ்ந்த அவருடைய தம்பியை யாரும் நினைவில் வைத்துக் கொள்வதில்லை. அது கிடக்கட்டும். மருந்துகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல என்பதையாவது நாம் உணர வேண்டும். தைராய்டுக்காக உட்கொள்ளும் தைராக்ஸின் உடலில் நெடுநாள் தங்குவது. அது ஓரிரு நாள் தவறினால் பெருந்தீங்கு இல்லை. லெவோடோபாவோ சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்குவது. அதைத் திடீரென நிறுத்தினால் உடல் மரக்கட்டையாவதோடு, கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே கேடு விளைவதும் உண்டு. வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு திரும்பும். சிலருக்கு அது அடங்காமல் தொடரும். நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவரின் உடல், தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். அவருக்கு அம்மாத்திரையைச் சட்டென நிறுத்துவது அடியோடு வீழ்த்துவதற்கு ஒப்பாகும். இதயத்துக்காக அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றை உட்கொள்வோர் அவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி முன்னிலும் மிகுந்து வரக்கூடும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரத்தம் கட்டாதிருக்கத் தரும் மாத்திரையையும், இன்சுலினையே நம்பி வாழ்பவரின் ஊசியையும் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆக, "இரண்டு நாளில் என்ன" என்னும் கேள்விக்கு, எந்த மருந்து என்று கேட்காமல் விடை கூறுபவர் அறியாமையினால் கூறுகின்றார்.

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் இருப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கின்றனர். நோயின் அளவோடும் நோயாளியின் அளவோடும் சேர்த்துக் காலத்தையும் மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கின்றார் வள்ளுவர். அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றை எவரும் சொல்லி விடுவர். நான்காவதாக அவர் வைத்தது உழைச்செல்வான். அதாவது நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தை உரியபடி கொடுப்பவன். நாம் மேலே கூறிய நிகழ்ச்சியில் நோயாளி இருந்தார், மருத்துவர் எழுதியிருந்தார், மருந்தும் அலமாரியில் இருந்தது. நான்காமவர் இல்லை. வீட்டில் அந்த இடத்தை வகித்த அம்மையார் மறைந்தபின் அது வெற்றிடமாகவே இருந்திருக்கின்றது. இல்லத்தில் சேர்த்ததால் அது நிரம்பிவிடவில்லை.

இல்லத்தார் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். பெயரற்ற மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்கின்றனர். நியாயமான கேள்வி. ஒரே மருந்து இரண்டு கம்பெனிகளின் இரண்டு பெயர்களில் வருகின்றது. இரண்டையும் கொடுத்துவிட்டால் இரட்டிப்பு அளவாகும். சர்க்கரை மாத்திரை இரட்டித்தால் பெரியவர் தூக்கத்திலேயே நினைவிழப்பார். உறக்க மாத்திரைகளையும் வலி மாத்திரைகளையும் சிலவற்றை 'எச்1' என்னும் பட்டியலில் அரசு வைத்து, 2014 மார்ச்சு முதல் மருந்துக்கடைக்காரர் விற்ற கணக்கை மூன்றாண்டு காக்கவேண்டும் என்று ஆக்கியிருப்பதும் வீணாக அன்று. ஆகவே எச்சரிக்கையைக் குறை கூறோம். எச்சரிக்கை என்ற பெயரால் ஒன்றும் செய்யாதிருப்பதைத்தான் கண்டிக்கின்றோம். பெயர் தெரியவில்லையானால் அன்றே தெரிந்துகொள்ள வழியுண்டு. பழைய மருத்துவருக்கும், மருந்து வாங்கிய கடைக்கும், வீட்டுக்குத் திரும்பிச் செல்லும் மகனுக்கும் தொலைபேசி உண்டு. சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல இன்றைய கைப்பேசியில் ஒரு நிமிடம் போதும். இல்லத்தின் மருத்துவரை நேரில் வரவழைக்க இயலாவிட்டால் தொலைபேசியில் கேட்டு, எவற்றைத் தொடரலாம், எவற்றை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதிக் கொள்ளலாம். முன்பணத்தை ஞாயிற்றுக்கிழமையிலும் வாங்கத் தெரிந்தவர்கள், மருந்துக்கு மட்டும் செவ்வாய்க்கிழமையைக் காட்டுவது என்ன நீதி?

கொடுக்காமல் விடுவதும் ஒரு செயலே. தவறான மாத்திரையைக் கொடுத்து ஒருவர் மாண்டால் வழக்கு வரும் என்று அஞ்சுகின்றனர். சரியான மாத்திரையைக் கொடாமல் ஒருவர் மாண்டால், "வயதாகிவிட்டது, இடம் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை" என்று கபுருஸ்தானில் நாமே பேசிக் கலைந்து விடுகின்றோம். இல்லத்தாருக்கு இருக்கும் துணிவுக்குக் காரணம் நம்முடைய இந்தப் பேச்சுத்தான்.

அமெரிக்காவிலும் இந்தத் துன்பம் உண்டு. அங்கே பெரும்பாலான இல்லங்களுக்குள் மருந்தகம் கிடையாது. தொலைவிலுள்ள மருந்தகத்திலிருந்து வண்டியில்தான் மருந்து வரவேண்டும். நமக்கு ஞாயிறு போல, மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலையில் இல்லத்துக்கு வந்து சேர்பவர் அங்கே அகப்பட்டுக் கொள்கின்றார். கடும்வலிக்குரிய மருந்துகளில் இன்னொரு முட்டுக்கட்டையும் வந்தது. இல்லத்துச் செவிலியர் மருத்துவரின் சொல்லைக் கேட்டு மருந்தகத்துக்குத் தெரிவித்தால் போதாது. முறையான சீட்டு மருத்துவரிடமிருந்தே வரவேண்டும் என்று போதைப்பொருள் தடுப்புத் துறை கண்டிப்புக் காட்டிற்று. எலும்பு முறிந்த கிழவர்கள் வலியில் காத்துக் கிடந்தனர். 2010 மார்ச்சில் அந்நாட்டுச் செனட் சபையின் முதியோர் குழு இதை விசாரித்தது. இல்லங்களில் அவசர மருந்துப் பெட்டி ஒன்றைப் பூட்டி வைத்து, வண்டி வரும்வரை அதிலிருந்து முதல் வேளையைக் கொடுக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு.

பிரிட்டனில் நடந்தது நமக்கு இன்னும் பயன்படக் கூடியது. பார்க்கின்சன் நோயாளர் சங்கத்தார் 2006-இல், வேளைக்கு மருந்து என்பதையே முழக்கமாக வைத்து ஓர் இயக்கம் தொடங்கினர். அந்நாட்டில் மருத்துவ நெறிகளை வகுக்கும் 'நைஸ்' என்னும் நிறுவனம், இல்லத்துக்கு மாறி வருபவரின் மருந்துப் பட்டியலை வந்த அன்றே இல்லம் எழுதிவிட வேண்டும் என்று 2015-இல் தர அளவுகோல் வைத்தது. 2018-இல் இன்னொன்றும் வைத்தது: லெவோடோபாவைக் குறித்த நேரத்திலிருந்து அரைமணிக்குள் கொடுக்க வேண்டும். அரைமணி! நம்மவர் ஒருவருக்கு மூன்று நாள் போயிற்று. உலகச் சுகாதார நிறுவனமும் 2017-இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியில், நோயாளி ஓரிடம் விட்டு ஓரிடம் மாறும் நேரத்தைத் தனியே குறித்துக் கவலை காட்டியுள்ளது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும் 150 ஏழை முதியோர் தங்கும்படி அமைக்கலாம் என்கின்றது. அங்கு மருத்துவக் கவனிப்புக்குரிய தரத்தை வகுக்கும் பொறுப்பை மாநில அரசிடம் விடுகின்றது. சேர்ந்த அன்றைய மருந்தைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. பராமரிப்பு இல்லங்கள் எல்லாவற்றுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் விதிக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வைத்தனர். அது நிறைவேறாமலே, 2024-இல் அந்த மக்களவையோடு காலாவதியாகி விட்டது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறையில், நோயாளி தம் மருத்துவக் குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கின்றது. நல்ல விதிதான். ஆனால் 72 மணி நேரம் என்பது மூன்று நாள். சேர்த்த பிறகு கேட்கத் தொடங்குபவருக்கு விதிப்படியே மூன்று நாள் போய்விடும் என்றால், சேர்ப்பதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது தவிர வேறு பொருள் இல்லை.

அரசின் நல்ல ஏற்பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு இது பேருதவி. ஆனால் வீடு தேடி வரும் மருந்து, அந்த வீட்டைத்தான் தேடி வரும். அத்தாவை இல்லத்துக்கு மாற்றியதை அந்தப் பெண் பணியாளரிடம் சொல்பவர் யார்? அடுத்த மாதம் அவர் வந்து பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போகின்றார்.

ஏன் சொல்வதில்லை? இங்கேதான் நாம் எழுத வந்ததன் மையப் பகுதிக்கு வருகின்றோம். வெட்கத்தால் சொல்வதில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரியக் கூடாது. ஜமாஅத்தில் தெரியக் கூடாது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரியவே கூடாது. "அக்காள் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி மறைக்கின்றனர். மறைக்க வேண்டுமென்பதால் அவசரப்படுகின்றனர். பத்தாண்டாகப் பார்த்து வரும் ஊர் மருத்துவரிடம் போய், "அத்தாவை இல்லத்தில் சேர்க்கின்றோம், மருந்துகளை ஒரு தாளில் எழுதித் தாருங்கள்" என்று கேட்க நா எழுவதில்லை. அவர் நாலு பேரிடம் சொல்லி விடுவாரோ என்னும் அச்சம். அவர் எழுதித் தந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016 முதல் அவர்களுக்கே விதியும் இருக்கின்றது. அந்த ஐந்து நிமிடத்தை வெட்கம் விழுங்கி விடுகின்றது.

இந்த வெட்கத்தை ஊட்டி வளர்ப்போர் யார் என்றும் கேட்க வேண்டும். இல்லத்தில் விட்டவனைப் பாவி என்று பொதுவில் ஏசுவது எளிது, கேட்போர் தலையாட்டுவர். ஏசுகின்ற பெருமக்களிடம் நாம் மரியாதையோடு கேட்கின்றோம்: உங்கள் ஏச்சினால் ஒரு பெரியவராவது வீடு திரும்பினாரா? சேர்க்கின்றவன் பகலில் செய்ததை அந்தியில் செய்யக் கற்றான். மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டியதைக் கேளாமல் செய்யக் கற்றான். மூன்று நாள் மருந்தின்றிக் கிடந்தவர் அந்த ஏச்சின் பலனையும் சேர்த்துத்தான் அனுபவித்தார். பெற்றோரைப் பேணுவது கடமை என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இல்லத்தில் சேர்த்தவுடன் அக்கடமை தீர்ந்து போகின்றது என்று சேர்ப்பவனும் எண்ணுகின்றான். ஏசுபவரும் அப்படியே எண்ணுகின்றார் போலும். அதனால்தான் அதற்குப் பிறகு என்ன நடக்கின்றது என்று இருவருமே பார்ப்பதில்லை.

மதரஸாவில் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் 'வதீஆ' என்னும் பாடத்தை அறிவர். ஒருவன் தன் பொருளைப் பிறரிடம் காவலுக்கு ஒப்படைக்கும் முறை அது. ஒப்படைப்பவன் இன்னது, இவ்வளவு என்று காட்ட வேண்டும். பெற்றுக் கொண்டவன் அதற்குரிய முறையில் காக்க வேண்டும். பொருளுக்கே இத்தனை விதி. பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு தெரியாவிட்டாலும் பேக்கிங் லிஸ்ட் தெரியும். பெட்டிக்குள் எத்தனை உருப்படி, என்ன நிறம், என்ன அளவு என்று எழுதி ஒட்டாமல் ஒரு பெட்டியும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவதில்லை. ஓர் உருப்படி குறைந்தாலும் வாங்குபவன் வெளிநாட்டிலிருந்து பிழை சொல்கின்றான். பெட்டிக்குத் தாள் ஒட்டத் தெரிந்த கைகள்தாம் பெற்ற தகப்பனைத் தாளில்லாமல் அனுப்புகின்றன.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-85-இல் கட்டிய மாரிஸ்தானைப் பற்றிச் சொற்பொழிவுகளில் நாம் பெருமையடித்துக் கொள்கின்றோம். நோய்க்கு ஒரு கூடம், உள்ளேயே மருந்துக்கூடம், செலவுக்கு வக்ஃபுச் சொத்து என்று அது நடந்தது உண்மை. எழுநூறு ஆண்டுக்கும் முந்திய மருந்துக்கூடத்தைக் கொண்டு இன்றைக்கு ஒரு மாத்திரை கொடுக்க முடியாது. ஆனால் மருந்தும் நோயாளியும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். நம் வக்ஃபுகளின் வருவாயில், வந்து சேர்பவருக்கு ஒரு வாரத்து மருந்து வாங்கி வைக்கும் பொருட்டு எங்கேனும் ஒரு தொகை ஒதுக்கியதுண்டா என்று முத்தவல்லிமார்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கின்றோம்; ஏனெனில் எழுதித் தருபவர்களும் பாதிதான் எழுதுகின்றனர். மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகிய மூன்றும் பெரும்பாலும் இருக்கும். எதற்காக அந்த மருந்து என்பது இருப்பதில்லை. அது இருந்தால்தான் எது பொறுக்கும், எது பொறுக்காது என்று இல்லத்தார் அறிவர். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் வேண்டும். மாத்திரையை முழுதாக விழுங்குவாரா, பொடித்துக் கொடுக்க வேண்டுமா என்பதும் வேண்டும். பொடிக்கக் கூடாத மாத்திரைகளும் உள ஆதலின் அதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானதும், எவரும் எழுதாததுமான ஒன்று உண்டு: கடைசி வேளை எப்போது கொடுக்கப்பட்டது? அது தெரியாவிட்டால் அடுத்த வேளையைக் கொடுக்க இல்லத்தார் தயங்குவர். அல்லது ஏற்கனவே கொடுத்ததை மீண்டும் கொடுப்பர். மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரிக்காமல், வாங்கிய உறையோடு, குறைந்தது ஒரு வாரத்துக்கு உரியதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சங்கடம், வக்துக் கணக்கு. "அஸருக்குப் பின்" என்று பெரியவர் சொன்னால், பிற சமயத்துப் பணிப்பெண்ணுக்கு அது எத்தனை மணி என்று எப்படித் தெரியும்? காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டம் போட்ட அட்டையில் அஸர் வேளைக்கு இடமே இல்லை. நான்காம் மாத்திரை அங்கே தொலைந்து போகின்றது. ஆகவே வக்தை மணியாக மாற்றி எழுதிக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. நோன்பு மாதத்தில் ஸஹருக்கும் இஃப்தாருக்குமாக மாற்றி உட்கொண்டு வந்தவரை அந்த மாதத்திலேயே சேர்க்க நேர்ந்தால், அதையும் குறிப்பிட வேண்டும். அவர் தொடர்ந்து நோன்பு வைக்கலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் உட்கொள்பவராயின் கவனம் இருமடங்காக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்துக் கொடுக்க வழியை எளிதாக்கினர். சாதாரண இல்லம் அத்தகைய நிறுவனம் அன்று. எந்த மருத்துவமனையிலிருந்து, யார் போய் வாங்கி வருவது என்று முடிவாகாமல் அவரை இடம் மாற்றுவது கொடுமை.

கிழமையையும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டா. இல்லத்து மருத்துவர் வரும் நாள் எது என்று கேட்டு, அந்த நாளில் முற்பகலில் சேர்க்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும் என்பதை அறிவோம். பீஸ் ரேட்டில் உழைப்பவனுக்கு அது சிறிய தொகை அன்று என்பதையும் அறிவோம். மருத்துவமனையில் இருபது நாள் மாறி மாறிக் கண்விழித்த குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்பதை மேலே சொன்ன வீட்டாரிடம் நாம் கேட்டதுண்டு. வாடகைக் காரில் திரும்பி ஏறுமுன், அன்றைய அடுத்த வேளை மாத்திரையை இல்லத்துப் பணியாளர் தம் கையால் எடுத்துப் பெரியவருக்குக் கொடுப்பதைப் பிள்ளைகள் இருந்து பார்த்துவிட்டு வரட்டும். மருந்து அலமாரியின் சாவி இரவில் எவரிடம் இருக்கும் என்று கேட்டு, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதே தாளின் அடியில் எழுதி வாங்கிக் கொண்டு வரட்டும்.